கடல் ஒப்புவிக்கும் கணக்கு: ஆதிக் கிறித்தவ நூல்களில் உலகமும் அதன் முடிவும் – ஒரு வாவிக்கரை நோக்கு

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் வாழ்வோரிடம் காலத்தின் சீர்கேட்டைச் சுட்ட இரு சொற்கள் வழங்குகின்றன. சைவர் ‘கலிகாலம்’ என்பர். கிறித்தவர் ‘கடைசிக்காலம்’ என்பர். பேரிடர் ஒன்று நேருந்தோறும் இவ்விரு சொற்களும் ஒருங்கே ஒலிப்பது இயல்பு. 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி கிழக்கிலங்கையின் தென்னந்தோப்புகளையும் வீட்டுக் கூரைகளையும் சாய்த்துச் சென்றது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலை கடல் எழுந்து கல்லடியையும் நாவலடியையும் வாரிச் சென்றது. இத்தகைய வேளைகளில், ‘வேதத்திற் சொல்லப்பட்டவை நிறைவேறுகின்றன’ என்ற விளக்கம் எளிதில் எழுந்துவிடுகின்றது.

அவ்விளக்கம் கேட்போருக்கு அச்சத்தையும் ஒருவகை ஆறுதலையும் ஒருசேர அளிக்கின்றது. நிகழ்ந்தது குருட்டு நிகழ்ச்சியன்று, அதற்கொரு பொருளுண்டு என்பது ஆறுதல். ஆயின் அவ்வாறுதலுக்கு ஒரு விலையும் உண்டு. அழிவு இறைவனின் தீர்ப்பு எனக் கொள்ளின், அதில் மடிந்தோர் தீர்ப்புக்கு உள்ளானோர் ஆகின்றனர். தப்பியோர் தீர்ப்பினின்றும் விலக்கப்பட்டோர் ஆகின்றனர். இறந்தோர்மீது சாவுக்குமேல் ஒரு பழியும் சுமத்தப்படுகின்றது. கிறித்தவத்தின் தொடக்கக்கால நூல்கள் இப்பழிக்கு உண்மையில் இடந்தருகின்றனவா? அவை ‘உலகம்’ என்று எதனைக் கருதின, ‘முடிவு’ என்று எதனைக் கருதின? இவ்வினாக்கள் மறையியலுக்கு மட்டும் உரியனவல்ல. ஒரு நூலை எவ்வாறு வாசிப்பது என்னும் இலக்கியத் திறனாய்வின் வினாக்களும் அவையேயாம்.

முதற்கண் நூல்களின் காலத்தையும் சூழலையும் நோக்குதல் வேண்டும். புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையது எனப் பெரும்பாலான அறிஞர் கருதும் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 50 இல் எழுதப்பெற்றது. மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம், கி.பி. 70 இல் எருசலேம் ஆலயம் உரோமரால் இடிக்கப்பட்ட காலத்தை ஒட்டியது. யோவான் என்பார் பத்மு தீவிலிருந்து எழுதிய வெளிப்படுத்தின விசேஷம், கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ எனப் பெயரிட்டழைக்கும் நூல், தொமித்தியன் ஆட்சியின் இறுதியில், கி.பி. 95 அளவில் எழுந்தது என்பது பெரும்பான்மையோர் கருத்து. இவை யாவும் பேரரசொன்றின் காலடியில் வாழ்ந்த சிறு கூட்டத்தினரின் எழுத்துக்கள். இவற்றுக்கு முன்னோடியான தானியேல் நூலின் காட்சிகளும், கி.மு. 167 தொடக்கம் 164 வரை நான்காம் அந்தியோக்கசின் ஒடுக்குமுறையின்கீழ் உருப்பெற்றனவே. ‘அப்போகாலிப்சிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் அழிவைக் குறிப்பதன்று. மூடிய திரையை விலக்குதலையே குறிக்கும். அரசு வலிமையே இறுதி வலிமை எனத் தோன்றும் காலத்தில், அத்தோற்றத்தின் பின்னுள்ளதைக் காட்ட முயன்ற இலக்கியவகை இது.

மேலைநாட்டு ஆய்வாளர் இவ்விலக்கியத்தைப் பெரிதும் ஒரே வினாவினூடாகவே நோக்கினர். இயேசு உலக முடிவை உடனடியாக எதிர்பார்த்தாரா, அவ்வெதிர்பார்ப்புப் பொய்த்ததா என்பதே அவ்வினா. 1892 இல் யொகான்னஸ் வைசும், 1906 இல் அல்பேர்ட் சுவைட்சரும், இயேசுவின் போதனை முழுமையும் அண்மித்துவரும் முடிவை அடிநிலையாகக் கொண்டதென வாதித்தனர். 1935 இல் சி. எச். டொட், இறையரசு ஏற்கெனவே வந்துவிட்டது என்பதே உவமைகளின் உட்கிடை என்றார். 1941 இல் றுடோல்வ் புல்ற்மன், விண்ணும் மண்ணும் பாதாளமும் எனப் பண்டைய உலகப்படத்திற் பொதிந்த செய்தியைத் தொன்மக் கூட்டினின்றும் பிரித்து, தனிமனிதனின் இருத்தல்நிலைக்கு ஏற்பப் பொருள்கொள்ள வேண்டுமென்றார். நால்வரும் பேரறிஞர். ஆயினும் காலக்கணக்குப் பற்றிய அவர்களது கவலை, அந்நூல்களை முதன்முதலிற் கேட்டோரின் கவலையாக இருக்கவில்லை. அவர்களது கவலை இறந்தோரைப் பற்றியது. இது தெசலோனிக்கேய நிருபத்திலேயே தெளிவாகப் புலனாகும்.

அந்நிருபத்தை நோக்குமுன் ‘உலகம்’ என்ற சொல்லைத் தெளிதல் நன்று. எபிரேய மரபில் உலகம் மூவடுக்கானது: மேலே வானவிரிவும் அதற்கப்பாலுள்ள நீரும், இடையே நிலம், கீழே ஆழமும் இறந்தோர் உறையும் பாதாளமும். படைப்பின் தொடக்கத்திலேயே ஆழ்நீர் இருக்கின்றது. இறைவன் அதனைப் பிரித்து எல்லையிட்டே நிலத்தைத் தோற்றுவிக்கின்றான். எனவே கடல் அம்மரபில் அடக்கப்பட்டதோர் ஆற்றல். எல்லை தளரின் மீண்டும் எழக்கூடியது. இவ்வுலகப்படம் வெறும் புவியியல் வருணனை ஆகாது. மனிதன் தன் இருப்பிடத்தை ஒழுங்குபடுத்திக் கொள்ளும் முறை அது. மட்டக்களப்பார் வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குகின்றனர். கதிரவன் எழும் கரை, படும் கரை என்பதே பொருள். பூமியே சுழல்கின்றது என்பதைப் பள்ளிச்சிறாரும் அறிந்த பின்னரும் அப்பெயர்கள் பொய்யாகிவிடவில்லை. அவை வாழ்வின் திசையைச் சொல்கின்றன. பண்டைய உலகப்படத்தையும் அவ்வாறே வாசித்தல் தகும்.

கிரேக்கமூலத்தில் ‘உலகம்’ என்ற கருத்துக்கு இரு சொற்கள் பயில்கின்றன. ‘கொஸ்மொஸ்’ என்பது ஒழுங்கமைந்த உலகையும், அதில் வாழும் மாந்தரையும் குறிக்கும். ‘அயோன்’ என்பது காலவட்டத்தை, ஒரு யுகத்தைக் குறிக்கும். மத்தேயு நற்செய்தியில் ‘முடிவு’ என வருமிடங்களில் நிற்பது ‘அயோன்’ என்னும் சொல்லே; முடிவது யுகம். ஆனால் தமிழில் 1871 இல் வெளிவந்து, நீண்டகாலம் சீர்திருத்தத் திருச்சபையினரின் வேதமாக நிலைத்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு, இவ்விடங்களில் ‘உலகம்’ என்ற சொல்லையே ஆள்கின்றது. இதனைப் பிழை என எளிதிற் கூறிவிடல் ஆகாது. ‘யுகம்’ என்று பெயர்ப்பின், நான்கு யுகங்களும் அவற்றின் சுழற்சியும் தமிழ் வாசகன் உள்ளத்தில் எழும். முடிவில் மீண்டும் கிருதயுகம் தொடங்கும் என அவன் கொள்வான். அதனைத் தவிர்க்கும் நோக்கம் மொழிபெயர்ப்பாளருக்கு இருந்திருத்தல் கூடும். ஆயினும் ‘உலகத்தின் முடிவு’ என்றவுடன் மண்ணும் மரமும் கடலும் வாவியும் அழிதல் என்றே கேட்போர் கொள்கின்றனர். அநீதியான ஒரு காலத்தின் முடிவாக மூலத்தில் நிற்பது, தமிழிற் பௌதிக உலகின் அழிவாக மாறிவிடுகின்றது.

தமிழ் மரபே இதற்கு ஒரு மாற்றுவழி காட்டக்கூடியது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ‘உலகம்’ என்னும் சொல் நிலத்தை மட்டுமன்றி மக்களையும், சிறப்பாக உயர்ந்தோர் ஒழுக்கத்தையும் குறித்துவந்தமை இலக்கணம் பயின்றோர் அறிவர். உலகம் ஐம்பூதங்களின் கலப்பு என்பதும் தொல்காப்பியம் தரும் செய்தியே. ஆகவே உலகம் முடிதல் என்பதைப் பூதங்களின் கலப்புக் குலைதலாகவும் கொள்ளலாம்; மாந்தரின் ஒழுக்கமுறை மாறுதலாகவும் கொள்ளலாம். முதற்பொருளுக்குப் பேதுருவின் இரண்டாம் நிருபம் இடந்தருகின்றது; இரண்டாம் பொருளையே நற்செய்திகளும் பவுலின் நிருபங்களும் பெரிதும் வலியுறுத்துகின்றன.

தெசலோனிக்கே நகரத்துச் சபையார் எதிர்பார்த்த ஆண்டவரின் வருகைக்கு முன்பே அவர்களுட் சிலர் இறந்துவிட்டனர். உயிரோடிருப்போர் அவ்வருகையைக் காண்பர். இறந்தோர் கதி யாது? அவர்கள் இழந்தவர்களா? பவுலின் விடை, இறந்தோர் பின்தங்கார் என்பது. முதலில் எழுவோர் அவர்களே. கிறித்தவ இறுதிக்காலச் சிந்தனையின் மிகப்பழைய எழுத்துச்சான்று, துயருற்றோருக்கு எழுதப்பட்ட ஓர் ஆறுதல் மடல் என்பது மறக்கற்பாலதன்று. அச்சமூட்ட எழுந்ததன்று அது. உயிரோடிருப்போர் இறந்தோரைவிட மேலானோர் என்ற எண்ணத்தை வேரறுக்க எழுந்தது.

அம்மடலில் மேகங்களில் எதிர்கொண்டு செல்லுதல் பற்றி வருமிடம் பிற்காலத்தில் வேறு திசையில் இழுக்கப்பட்டது. 1830 களில் யோன் நெல்சன் டார்பி முதலியோர், நம்பிக்கையாளர் பூமியினின்றும் எடுத்துச் செல்லப்படுவர், ஏனையோர் அழிவுக்கு விடப்படுவர் என்ற போதனையைப் பரப்பினர். ஆனால் பவுல் ஆளும் சொற்கள் இரண்டும் நகர வாழ்வுக்குரியவை. ‘பரூசியா’ என்பது அரசனோ உயர் அதிகாரியோ நகருக்கு எழுந்தருளுதலைக் குறிக்கும். ‘அபந்தேசிஸ்’ என்பது நகரத்தார் வாயிலுக்கு வெளியே சென்று அவனை எதிர்கொள்ளுதலைக் குறிக்கும். எதிர்கொள்வோர் விருந்தினருடன் வெளியே சென்று மறைந்துவிடுவதில்லை; அவரை அழைத்துக்கொண்டு ஊருக்கே திரும்புவர். பூரணகும்பத்துடன் ஊரெல்லைக்குச் சென்று பெரியோரை வரவேற்கும் வழக்கமுடைய தமிழ் மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவிலும் புதிய நகரம் வானினின்றும் இறங்கி வருகின்றது. மாந்தர் மேலே ஏறிச் செல்வதாக இல்லை. ஆதிநூல்களின் இயக்கத்திசை மண்ணை நோக்கியது.

பேரிடரைத் தீர்ப்பென்று கொள்ளும் வாசிப்பை இயேசுவின் கூற்றுக்களே மறுத்துரைக்கின்றன. மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்திற் போரும் நிலநடுக்கமும் பஞ்சமும் கூறப்படுகின்றன என்பது உண்மை. ஆயின் அவை முடிவல்ல, பிரசவ வேதனையின் தொடக்கம் மாத்திரமே என்று அதே அதிகாரம் கூறுகின்றது. அந்நாளை வானதூதரும் அறியார், மகனும் அறியான் என்றும் கூறுகின்றது. நாள் குறிப்போரின் வாயை அடைப்பதற்கு இதனினும் வலிய கூற்று வேண்டா. லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. சீலோவாமிற் கோபுரம் இடிந்து விழுந்து பதினெண்மர் இறந்தனர். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடக் குற்றமுடையோரா என்ற வினாவை இயேசு தாமே எழுப்பி, இல்லை என்று தாமே விடையிறுக்கின்றார். அதனைத் தொடர்ந்து கேட்போரை மனந்திரும்பச் சொல்கின்றார். ஆயின் அவ்வெச்சரிக்கை உயிரோடிருப்போரை நோக்கியது. இறந்த பதினெண்மர்மீது அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. நாவலடியைப் பற்றிப் பேசத் துணியும் எவரும் முதலிற் சீலோவாம் பகுதியைக் கடந்து வருதல் வேண்டும்.

இனி, வெளிப்படுத்தின விசேஷத்திற் கடல் பெறும் இடத்தை நோக்குவோம். வாவிக்கரை வாசகனுக்கு அந்நூலின் மிகக் கடினமான கூற்று, புதிய வானமும் புதிய பூமியும் தோன்றுமிடத்துக் கடல் இல்லாமற்போயிற்று என்பதே. கடலையும் களப்பையும் நம்பி உயிர்வாழும் மக்களுக்கு இது வாக்குறுதியா, சாபமா? மட்டக்களப்பு என்னும் ஊர்ப்பெயரிலேயே களப்பு உள்ளது. வாவியின் முகத்துவாரம் மணலால் மூடுண்டும் மழைக்காலத்தில் திறந்தும் வருவதற்கேற்பவே நீரின் உவர்ப்பும், மீனின் வரவும், வயலின் வெள்ளமும் அமைகின்றன. கடலில்லாத பேரின்பவுலகு அம்மக்களின் கற்பனைக்குள் எளிதில் அடங்காது.

நூலை முழுமையாக நோக்குமிடத்து, கடல் அதில் ஒரே பொருளில் வருவதில்லை என்பது தெளிவாகும். நாலாம் அதிகாரத்தில் இறைவனின் அரியணைமுன் பளிங்கையொத்த கண்ணாடிக் கடல் விரிந்துள்ளது. அலையடங்கிய கடல் அது. ஐந்தாம் அதிகாரத்தில் கடலுக்குள் வாழும் உயிர்களும் இறைவனைப் புகழ்கின்றன. பாடும் மீனுக்குப் பெயர்பெற்ற நீர்ப்பரப்பின் கரையிலுள்ளோர்க்கு அது அந்நியமான காட்சியன்று. எனவே கடலும் அதன் உயிர்களும் இயல்பிலேயே தீயவை என்ற கொள்கை இந்நூலுக்கு இல்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில் நிலை மாறுகின்றது; கடலினின்றும் ஒரு விலங்கு எழுகின்றது. ஆசிய மாகாணத்தின் கரையில் நிற்பவனுக்குக் கடல்வழி வருவது உரோமின் ஆட்சி. பதினெட்டாம் அதிகாரத்திற் பாபிலோன் என்னும் புனைபெயர் பூண்ட அப்பெருநகர் வீழுங்கால், அதனைக் கண்டு அழுவோர் அரசரும் வணிகரும் மாலுமிகளுமே. அவ்வணிகரின் சரக்குப்பட்டியல் பொன்னிலும் முத்திலும் தொடங்கி, இலவங்கப்பட்டை, நறும்பொருள், தானியம், கால்நடை எனத் தொடர்ந்து, மனித உடல்களிலும் உயிர்களிலும் முடிகின்றது. ரிச்சர்ட் போக்கம் என்னும் ஆய்வாளர் இப்பட்டியலை உரோமின் பொருளியல் சுரண்டல்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என விளக்கியுள்ளார்.

அப்பட்டியலிலுள்ள இலவங்கப்பட்டை இலங்கை வாசகனின் கண்ணிற்படாமற் போகாது. கறுவாவும் நறும்பொருளும் தேடிக் கடல்வழி வந்தோரே இத்தீவின் கரைகளிற் கோட்டைகளை எழுப்பினர். போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கட்டிய கோட்டை 1638 இல் ஒல்லாந்தர் கைப்பட்டது. திருமறையும் பெரும்பாலும் அதே கடல்வழியேதான் வந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1759 இல் பிலிப்பு த மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பில் அச்சேறியது. ஆங்கிலேயர் ஆட்சியிலே 1814 இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்தப் போதகர் மட்டக்களப்பை அடைந்தார். அவர் மறு ஆண்டிலேயே இறந்தார். கடல்வழி வந்த பேரரசைக் கண்டித்த நூல், கடல்வழி வந்த பேரரசுகளின் கப்பல்களிலேயே இக்கரைக்கு வந்துசேர்ந்தது. இம்முரண் அந்நூலின் மதிப்பைக் குறைப்பதன்று. அதனைக் கொண்டுவந்தோரையும் அந்நூலே நியாயம் விசாரிக்க வல்லது என்பதையே காட்டுகின்றது.

‘கடல் இல்லாமற்போயிற்று’ என்னும் கூற்றுக்கு முன்னர், இருபதாம் அதிகாரத்தின் இறுதியில், ஒரு சிறு செய்தி நிற்கின்றது. இக்கட்டுரையின் கருத்துக்கு அதுவே அச்சாணி. நூல்கள் திறக்கப்பட்டுத் தீர்ப்பு நிகழும் அவ்விடத்தில், கடல் தன்னிலுள்ள இறந்தோரைத் திருப்பித் தருகின்றது. மரணமும் பாதாளமும் அதன் பின்னரே தத்தம் இறந்தோரைத் தருகின்றன. இறந்தோர் யாவரும் பாதாளத்திலேயே உளர் எனின், கடலைத் தனித்து, அதுவும் முதலில், கூறவேண்டியது ஏன்? அக்காலக் கிரேக்க உரோம நம்பிக்கையில், உரிய அடக்கம் பெறாதோர் இறந்தோர் உலகினுட் புகவியலாது அலைவர் எனக் கருதப்பட்டது. கடலில் மாண்டோர் அத்தகையோர். அவர்களுக்குக் கல்லறையில்லை, ஈமச்சடங்கில்லை. எல்லாக் கணக்கிலும் விடுபடக்கூடிய அவர்களையே காட்சியாளர் முதலிற் பெயர்சுட்டி அழைக்கின்றார். கடல் அவர்களை உடைமையாகக் கொள்ள உரிமையற்றது. அது வெறும் பொறுப்பாளி. பொறுப்பைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

இவ்விடத்துக் கிரேக்கமூலம் ‘கொடுத்தது’ என்ற எளிய வினையையே ஆள்கின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ ‘ஒப்புவித்தது’ என்கின்றது. ஒப்புவித்தல், ஒருவர் கையில் நம்பி விடப்பட்ட பொருளைக் குறையின்றி உரியவரிடம் சேர்ப்பித்தல். ‘உலகம்’ என்ற சொல்லால் மூலத்தின் பொருளைச் சற்றே திரித்த அதே மொழிபெயர்ப்பு, இங்கு ஒரு சொல்லால் மூலத்தின் உட்பொருளை மூலத்தினும் தெளிவாக்கிவிட்டது எனல் மிகையாகாது.

இவ்விரு கூற்றுக்களையும் வரிசைப்படி சேர்த்து வாசிக்கும்போது பொருள் வேறுபடுகின்றது. முதலிற் கடல் இறந்தோரை ஒப்புவிக்கின்றது; அதன் பின்னரே கடல் இல்லாமற்போகின்றது. இல்லாமற்போவது மனிதரை விழுங்கி மறைக்கும் ஆழம்; பேரரசின் கப்பல்கள் ஓடிய வழி; பத்முவில் ஒதுக்கப்பட்டவனை அவன் சபைகளினின்றும் பிரித்த நீர். நீர் இல்லாமற்போகவில்லை. இருபத்திரண்டாம் அதிகாரத்திற் புதிய நகரின் நடுவே ஆறு ஓடுகின்றது. அதன் இருமருங்கும் நிற்கும் மரத்தின் இலைகள் இனங்களின் நோய் நீக்குகின்றன. கடல் நீங்கிய அந்நிலத்தில் இருகரையும் செழிக்க நன்னீர் ஓடுகின்றது.

2004 இல் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தினால் எழுந்த அலைகள் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தன. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் அமைந்த நாவலடி போன்ற ஊர்களிற் குடும்பங்கள் அடியோடு அழிந்தன. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. நிலத்தட்டுக்களின் அசைவு அறிவியலுக்குரியது. அதற்குக் காரணம் தேடி வேதத்தைப் புரட்டுதல் இருதுறைக்கும் இழுக்கு. ஆனால் கிடைக்காத உடல்களைப் பற்றி அறிவியலிடம் விடையில்லை. அவ்வினாவுக்கே காட்சியாளரின் ஒரு சொல் வந்து பொருந்துகின்றது. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டுவெடித்துச் சிறுவர் பலர் உட்பட உயிர்கள் பறிபோயின. அதனையும் அடையாளமென்று எண்ணிக் கணக்கிடத் தோன்றலாம். அந்நூலின் ஆறாம் அதிகாரமோ, கொல்லப்பட்டோர் பலிபீடத்தின்கீழிருந்து, இன்னும் எத்துணைக் காலம் எனக் கேட்பதையே காட்டுகின்றது. அங்கே கேள்வி கேட்போர் இறந்தோர், குற்றஞ்சாட்டப்படுவோர் அவர்களல்லர்.

இத்தகைய சிந்தனை வாவிக்கரைக்குப் புதியதன்று என்பதையும் கூறல் வேண்டும். இப்பகுதி ஊர்கள் பலவற்றிற் கண்ணகை அம்மன் வழிபாடு வேரூன்றியுள்ளது. வைகாசியில் வழக்குரை பாடப்பட்டுக் குளிர்த்தி நிகழும். மதுரையை எரித்த தீ கண்மூடிய சினமன்று. அதற்குமுன் அரசவையில் வழக்குரைக்கப்பட்டது, சிலம்பு உடைக்கப்பட்டது, சான்று காட்டப்பட்டது. பாபிலோனின் வீழ்ச்சியும் அத்தகையதே. நூல்கள் திறக்கப்பட்டே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. தீக்குப்பின் குளிர்த்தி வருவதுபோல அங்கும் நெருப்புக்குப்பின் ஆறு வருகின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சிலப்பதிகாரத்துத் தீ அறவோரையும் முதியோரையும் குழவிகளையும் விலக்குமாறு பணிக்கப்படுகின்றது. வெளிப்படுத்தின விசேஷத்தின் வாதைகளோ முத்திரை பெற்றோரையே விலக்குகின்றன. குழந்தைகளைப் பற்றி அங்கே பேச்சில்லை. இவ்வகையில் தமிழ்க் காப்பியத்தின் அறவுணர்வு நுண்ணியது எனக் கூறுதல் தவறாகாது.

சைவசித்தாந்தம் அழித்தற்றொழிலை, பிறந்திறந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் அளிக்கும் இளைப்பாற்றலாகக் கொள்கின்றது. அழிவு அருளாகக் கருதப்படும் அம்மரபில் உலகம் மீண்டும் தோன்றும். உயிர் தன் வினைக்கேற்ப மீண்டும் பிறக்கும். ஆதிக் கிறித்தவ நூல்களில் இறந்தவன் மீண்டும் வேறொருவனாக வருவதில்லை. அவனே, அவன் பெயரோடும் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியோடும், எழுப்பப்படுகின்றான். எனவேதான் அங்கே கணக்கு அத்துணை இன்றியமையாததாகின்றது. இவ்விரு மரபினரும் ஒருவரையொருவர் பழிக்காது இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது, இரு சொற்களும் அருகருகே ஒலிக்கும் இப்பகுதிக்குப் பயன்தரும்.

இவ்வாசிப்புக்கு எதிராக ஒரு தடையை எழுப்பலாம். பேதுருவின் இரண்டாம் நிருபம் வானங்கள் ஒழிந்து, பூதங்கள் வெந்துருகிப் போகும் என்கின்றதே. அது பௌதிக அழிவன்றோ? நெருப்பால் உலகு ஒடுங்கும் என்ற ஸ்தோயிக்கரின் கொள்கை அக்காலத்திற் பரவியிருந்தது. அதன் சாயல் இங்கு உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு பாடபேதம் உள்ளது. பூமியும் அதிலுள்ள செயல்களும் ‘எரிந்துபோம்’ என்பது பிற்காலப் பிரதிகள் பலவற்றின் பாடம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனையே பின்பற்றியது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியுமோ, அவை ‘கண்டறியப்படும்’ என்ற பொருள்படும் சொல்லைத் தருகின்றன. நெருப்பு இங்கே பொன்னைப் புடமிடும் நெருப்பு. பூமியில் நிகழ்ந்தவை மறைவின்றி வெளிப்படுகின்றன. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தெளிந்த தமிழறிஞர் வழிவந்தோர்க்கு ஒரு சொல்லின் பாடபேதம் எத்துணைப் பெரியது என்பதைக் கூற வேண்டுவதில்லை. பவுலும் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் முனகி விடுதலைக்குக் காத்திருப்பதாகவே கூறுகின்றார். அழிவதற்கெனக் குறிக்கப்பட்ட ஒன்று விடுதலைக்குக் காத்திராது.

எனினும் வெளிப்படுத்தின விசேஷத்தின் வன்மையை மூடி மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. இரத்தமாக மாறும் நீரும், மடியும் கடலுயிர்களும், அக்கினிக் கடலும் அந்நூலில் உள்ளவையே. ஒடுக்கப்பட்டோரின் சினம் எல்லை கடக்கும் இடங்கள் அவை. அவற்றை வரலாற்றுச் சூழலினின்றும் பிரித்தெடுத்து, அயலவன்மீதோ பிறமதத்தவன்மீதோ ஏவும்போது, பேரரசுக்கு எதிராக எழுந்த குரல் எளியோருக்கு எதிராகத் திரும்பிவிடுகின்றது. அந்நூலின் மிகக் கொடிய வாசிப்பு அதுவே. அதனை விலக்கும் கருவியும் அந்நூலுள்ளேயே இருத்தல் கவனித்தற்குரியது: யாருக்குத் தீர்ப்பு என்ற வினாவுக்கு அதன் பதினெட்டாம் அதிகாரம், மனித உயிரைச் சரக்காக்கியோர்க்கு என்று விடை கூறுகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, ஆதிக் கிறித்தவ நூல்களின் முடிவுபற்றிய சிந்தனையை நாட்காட்டியாகக் கொள்வதினும் கணக்கேடாகக் கொள்வதே அந்நூல்களுக்குப் பொருந்தும். அழிவு எப்போது வரும் என்பதை அவை சொல்லவில்லை. அழிந்தோர் மறக்கப்படார் என்பதைச் சொல்கின்றன. பேரிடரிற் பொருள் தேடுவோர் கடலின் சீற்றத்தை இறைவனின் குரலாகக் கேட்கின்றனர். பத்முவின் காட்சியாளரோ கடலையே விசாரணைக்கு அழைத்து, உன்னிடத்தே உள்ளோரைத் தா என்கின்றார். வாவியின் முகத்துவாரத்தில் ஆண்டுதோறும் இறந்தோரை நினைவுகூரும் மக்களுக்கு, இவ்விரண்டுள் எதனைப் போதிப்பது என்பதிலேயே அந்நூலை வாசிப்போரின் பொறுப்பு அடங்கியுள்ளது.